நீங்கள் சொல்லத்தான் செய்தீர்கள், அக்கா

இன்று மத்தியானம் எழுமலையிலிருந்து வந்த ஒரு பெண் என் மேசைமேல் ஒரு துணிப்பையை வைத்தாள். உள்ளங்கையில் அடங்குகிற பை, ஒரு பக்கம் தட்டை, மறுபக்கம் மேடு. ஆபரேஷனில் மார்பை எடுத்த பெண்கள் ரவிக்கைக்குள் வைத்துக்கொள்வதற்காக நீங்கள் தைத்தது. ஓரத்தில் ஓடும் அந்தப் பொடித்தையலை எங்கே பார்த்தாலும் எனக்கு அடையாளம் தெரியும். தையல் இடுக்கு வழியாக வெள்ளை வெள்ளையாய் ஏதோ நீட்டிக்கொண்டிருந்தது. மோந்து பார்த்தேன். ஊறின தானியத்தின் வாசனை, கொஞ்சம் புளிப்பு. உள்ளே இருந்த கேழ்வரகு முளைவிட்டிருந்தது அக்கா.

கேழ்வரகைக் கொட்டாமல் அப்படியே தண்ணீரில் முக்கித் துவைத்திருக்கிறாள். வெளியே கொடியில் போட வெட்கப்பட்டு, வீட்டுக்குள்ளேயே ஒரு பாவாடைக்கு அடியில் மறைத்துக் காயப்போட்டிருக்கிறாள். மூன்றாம் நாள் எடுத்துப் பார்த்தால் முளை.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்துக்கொண்டே நீங்கள் உட்காரும் பக்கத்து முக்காலியைத் திரும்பிப் பார்த்தேன். அதன்மேல் யாரோ ஃபைல் கட்டை வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். இதை நான் வேறு யாரிடம் போய்ச் சொல்வது? டியூட்டி நர்ஸிடம் சொன்னால் 'அப்படியா சிஸ்டர்' என்று போனைப் பார்ப்பாள். சிரிப்பு பாதியிலேயே நின்றுபோயிற்று.

அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்துப் பயந்துவிட்டாள். "என் தப்புதான் சிஸ்டர். நீங்க எம்புட்டோ சொல்லிக் குடுத்தீங்க. நாந்தான் கூறு இல்லாம முக்கிட்டேன்" என்றாள்.

நான் ஒன்றும் சொல்லிக் கொடுக்கவில்லை. துவைக்கிறதுக்கு முன்னால் ஓரத்து முடிச்சை அவிழ்த்துத் தானியத்தைக் கொட்டிக்கொள்ள வேண்டும் என்று ஒவ்வொருத்திக்கும் சொல்லி அனுப்பியது நீங்கள். போன மாதம் இவளுக்கு நான் அவசர அவசரமாகக் கையில் திணித்து அனுப்பினேன், அவ்வளவுதான். "இல்லம்மா, நான் உனக்குச் சொல்லவே இல்ல. தப்பு என்னோடது" என்றேன். அவள் நம்பாமல் பார்த்தாள். எனக்கே என் குரல் புதிதாகக் கேட்டது. ஒரு பிடி கேழ்வரகுக்காக இவ்வளவு சுலபமாக வாயில் வந்த வார்த்தை உங்களுக்காக வராமல் போய்விட்டதே என்று அப்போதிருந்து மனசு அறுத்துக்கொண்டே இருக்கிறது. அதனால்தான் வீட்டுக்கு வந்ததும் செருப்பைக்கூட ஒழுங்காக விடாமல் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் முதன்முதல் வந்த அன்று நான் எரிச்சலில் இருந்தேன். என்றைக்குத்தான் இல்லை என்பீர்கள். வார்டில் எனக்குச் சிடுமூஞ்சி என்று பெயர் இருந்தது. என் காதில் விழுகிற மாதிரிதான் சொல்வார்கள். அந்தச் சிடுமூஞ்சியைப் பிடித்து, மாடிப்படிக்குக் கீழே உடைந்த கட்டில்கள் கிடந்த அறையைக் காலிபண்ணி, மார்பகப் புற்றுநோய்க்காரர்களுக்கு விளக்கம் சொல்ல உட்காரவைத்திருந்தார்கள். டாக்டரைக் குறைசொல்ல முடியாது. வெளியே வரிசை நிற்கும்போது அவரும் என்ன செய்வார். ஆனால் கேன்சர் என்ற சொல் காதில் விழுந்ததோடு இவர்களுக்குக் காது அடைத்துக்கொள்கிறது. அப்புறம் அவர் சொல்வதற்கெல்லாம் தலையை மட்டும் ஆட்டிவிட்டு, படியிறங்கி என்னிடம் வந்து, "டாக்டர் என்னம்மா சொன்னாரு?" என்று கேட்பார்கள். ஆபரேஷன் எப்படி, கீமோ எத்தனை, முடி கொட்டினால் திரும்ப வருமா, அந்தப் பக்கத்துக் கையில் ஊசி போடவிடக்கூடாது, தண்ணீர்க் குடம் தூக்கக்கூடாது. எல்லாவற்றையும் முதலிலிருந்து, அவர்கள் பேச்சிலேயே சொல்வதுதான் என் வேலை.

உங்கள் மகள் அழுது முகம் வீங்கிப்போய் உங்களுக்குப் பின்னால் நின்றாள். நீங்கள் என் மேசைவிரிப்பைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். "ஓரம் கோணலா அடிச்சிருக்கு" என்றீர்கள். அதுதான் நீங்கள் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. நான் வீம்பாகப் படத்தை விரித்து ஆரம்பித்தேன். பாதியில் கையமர்த்தினீர்கள்.

"சிஸ்டர், நான் இருவத்தஞ்சு வருசமா வாடிப்பட்டில ரவிக்கை தைக்கிறேன். எவளுக்கு எந்தப் பக்கம் எம்புட்டுன்னு அவ புருசனுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். படமெல்லாம் வேணாம். எடுத்தப்பறம் மெஷின் மிதிக்க எத்தன நாளாகும், அதை மட்டும் சொல்லுங்க."

அந்த அறையில் நான் முதன்முதல் சிரித்தது அன்றைக்குத்தான்.

இடது மார்பை எடுத்தார்கள். காயத்திலிருந்து நீர் வடிய வைத்திருந்த குழாயையும் பாட்டிலையும் மற்றவர்கள் முந்தானையில் சுற்றிக்கொண்டு கூனிக்கொண்டே வருவார்கள். நீங்கள் டிரெஸ்ஸிங்குக்கு வந்தபோது ரவிக்கைத் துணியில் ஒரு சின்னப் பை தைத்து, கழுத்திலிருந்து மாட்டிக்கொண்டு, கண்டக்டர் மாதிரி நிமிர்ந்து நடந்து வந்தீர்கள். அதைப் பார்த்துவிட்டு நான்தான் கேட்டேன், "இந்த மாதிரி இன்னும் நாலு தச்சுத் தருவீங்களாக்கா?" என்று. உங்களை அக்கா என்று கூப்பிட்டதும் அப்போதுதான் முதல் தடவை.

கை மேலே எழும்புவதற்காகச் சுவரில் விரலை நடக்கவிடும் பயிற்சி கொடுப்பேனே, அதற்கு நான் பென்சிலால் கோடு போட்டு வைப்பேன். உங்களுக்கு அது சரிப்படவில்லை. டேப்பும் சாக்கட்டியும் கொண்டுவந்தீர்கள். "முக்கா இஞ்சு ஏறியிருக்கு" என்று நீங்களே அளந்து சொல்வீர்கள். உங்களைப் பார்த்து மற்ற பெண்களும் இஞ்சுக் கணக்கில் பேச ஆரம்பித்தார்கள். டாக்டர் ஒருநாள் எட்டிப்பார்த்துவிட்டு இது ஆஸ்பத்திரியா தையல்கடையா என்றார்.

அப்புறம் அந்தக் கேழ்வரகுப் பை. பஞ்சு வைத்தால் பஸ் ஏறுவதற்குள் கழுத்துக்கு வந்துவிடுகிறது, எடை இல்லாததால் ஒரு தோள் தூக்கிக்கொள்கிறது என்று நீங்கள்தான் கண்டுபிடித்தீர்கள். கடையில் விற்பதை வாங்க இவர்களுக்கு வழியில்லை. வாங்கினவளும் மதுரை வெயிலில் வெந்துபோய்க் கழற்றி வைத்துவிடுவாள். அரிசி போட்டுப் பார்த்தீர்கள், குத்தியது. கடுகு போட்டீர்கள், எண்ணெய் கசிந்து ரவிக்கையில் கறை. ஒரு செவ்வாய்க்கிழமை கேழ்வரகு நிரப்பிய பையை என் கையில் வைத்து, "எடை பாருங்க" என்றீர்கள். பொடியாக, வழுவழுவென்று, குனிந்தால் குனிகிற பக்கம் நகர்ந்தது. "இது நனைஞ்சா என்னக்கா ஆகும்?" என்று ஒருத்தி கேட்டாள். "முளைக்கும். பால் குடுக்காட்டியும் கூழுக்கு ஆகும்ல" என்றீர்கள். அன்றைக்கு வந்திருந்த ஏழு பேரும் காயத்தைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

சிகிச்சை முடிந்த பிறகும் செவ்வாய்க்கிழமைதோறும் வந்தீர்கள். யாரும் கூப்பிடவில்லை, யாரும் வரவேண்டாம் என்றும் சொல்லவில்லை. மறைப்புக்குப் பின்னால் புதிதாக வந்தவளை உட்காரவைத்து, உங்கள் ரவிக்கையை அவிழ்த்துத் தழும்பைக் காட்டுவீர்கள். "பாத்துக்கத்தா, இம்புட்டுத்தான்" என்பீர்கள். நான் இந்தப் பக்கம் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பேன். என்னிடம் ஒருநாளும் கேட்காததை உங்களிடம் கேட்பார்கள்: புருஷன் பக்கத்தில் படுக்கலாமா, பிள்ளைக்குத் தொத்துமா, சாமி கும்பிடப் போகலாமா. தெரிந்ததை நீங்கள் சொல்வீர்கள். தெரியாததற்கு மறைப்புக்கு மேலே தலையை நீட்டி, "சிஸ்டர், இதுக்கு நீங்க பதில் சொல்லுங்க" என்பீர்கள்.

இந்தப் பக்கத்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம். டாக்டர் முன்னால் உட்கார்ந்ததும் முதல்வேலையாகக் குற்றத்தை ஒப்புக்கொண்டுவிடுவார்கள். கதிரறுப்பு இருந்திருக்கும், மகனுக்குப் பரீட்சை இருந்திருக்கும், கூட்டிவர ஆள் இருந்திருக்காது. ஏன் இவ்வளவு நாள் கழித்து வருகிறாய் என்று கேட்டால் மட்டும், "என் தப்புதான் டாக்டர்." ஒப்புக்கொண்டால் திட்டு சீக்கிரம் முடியும். எனக்கு இதைக் கேட்டாலே உடம்பு எரியும். உங்களிடம் புலம்பினேன். அடுத்த வாரமே சட்டம் போட்டீர்கள்: "இந்த ரூம்ல எவளும் என் தப்புன்னு சொல்லப்படாது. சொன்னா அவளே எல்லாருக்கும் டீ வாங்கித் தரணும்." டீ வாங்கித் தந்தவர்கள் நிறையப் பேர்.

எனக்கு வீட்டில் யாருமில்லை என்று உங்களுக்குத் தெரியும். அம்மா போனபிறகு ஆரப்பாளையத்தில் பஸ் சத்தம் ஓயாத இந்த வீட்டில் நான் ஒருத்திதான். செவ்வாய்க்கிழமை மட்டும் இரண்டு பேருக்குச் சமைத்து எடுத்துக்கொண்டு போவேன். நான் வைக்கும் புளிக்குழம்பு உங்களுக்குப் பிடிக்காது. "உப்புமில்ல, உறைப்புமில்ல, ஆஸ்பத்திரிக் கொழம்பு" என்று சொல்லிக்கொண்டே வழித்துச் சாப்பிடுவீர்கள். இப்போதும் சில செவ்வாய்க்கிழமை கை தவறி இரண்டு டம்ளர் அரிசி போட்டுவிடுகிறேன்.

இனிமேல்தான் எழுதவேண்டியதை எழுதவேண்டும். எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தேன்.

புரட்டாசிக் கடைசி. நம் அறையைப் பார்க்க வெளியூரிலிருந்து பெரிய ஆட்கள் வருகிறார்கள், ஒரு கூட்டம் இருக்கிறது என்று சொல்லியிருந்தார்கள். அலமாரி நிறைய உங்கள் பைகளை அடுக்கிவைத்துக் காட்ட வேண்டும் என்று எனக்கு ஆசை. சிடுமூஞ்சி என்று சொன்னவர்கள் எல்லாரும் பார்க்க வேண்டும். நாற்பது பை வேண்டும் என்று உங்களிடம் சொல்லியிருந்தேன். ஒரு சாயந்தரம், நான் பஸ்ஸில் நின்றுகொண்டிருக்கும்போது போன் செய்தீர்கள்.

"சிஸ்டர், முதுகுல நடுவால ஒரு வலி. பத்து நாளாச்சு. ஒக்காந்தாத்தான் வலிக்கும்னு பாத்தா, படுத்தாலும் விட மாட்டேங்குது."

இந்த வலியைப் பற்றி வாரம் தவறாமல் அந்த அறையில் சொல்கிறவள் நான். மார்புக்குச் சிகிச்சை எடுத்தவர்களுக்குப் புதிதாக ஒரு வலி வந்து, படுத்தாலும் ஓயாமல் நின்றால், எலும்பில் இறங்கியிருக்குமோ என்று சந்தேகப்பட வேண்டும், உடனே வரவேண்டும். அட்டையில் எழுதிச் சுவரில் தொங்கவிட்டிருக்கிறேன். நீங்கள் அந்த அட்டைக்கு நேர் எதிரே உட்கார்ந்திருந்தவர். அதைக் கேட்டுப் பழகியதால்தான், அட்டையில் உள்ள மாதிரியே, சரியான வார்த்தையில் சொன்னீர்கள். நான் என்ன சொன்னேன் தெரியுமா? உங்களுக்குத் தெரியும். ஆனாலும் ஒருதடவை நானே எழுதிப் பார்க்கிறேன்.

"மெஷினே கதின்னு கெடந்தா வலிக்காம என்ன செய்யும்? தைலத்தைப் போட்டு ஒத்தடம் குடுங்கக்கா. கூட்டம் முடியட்டும், பாப்போம்."

"சரி சிஸ்டர்" என்றீர்கள்.

வேறு எவளாவது போன் செய்திருந்தால் மறுநாளே வரச்சொல்லியிருப்பேன். வராவிட்டால் திட்டியிருப்பேன். நீங்கள் எனக்கு நோயாளியாக இல்லாமல் போயிருந்தீர்கள், அதுதான் நடந்தது. என் கூடப் பேசுகிற ஆளாக, என் முக்காலியில் உட்காருகிற ஆளாக ஆகிவிட்டிருந்தீர்கள். உங்களுக்கு மறுபடி வரும் என்று நினைக்கவே எனக்கு மனசு வரவில்லை. கூட்டத்தன்று நாற்பது பையையும் கொண்டுவந்து அடுக்கினீர்கள். இடுப்பில் ஒரு கையை ஊன்றிக்கொண்டுதான் நின்றீர்கள். நான் பார்த்தேன். பார்த்துவிட்டு வந்தவர்களுக்கு மாலை போடப் போனேன்.

கூட்டம் முடிந்தது. பாப்போம் என்று சொன்னதை நான் மறந்தே போனேன். நீங்களும் ஞாபகப்படுத்தவில்லை. இரண்டு மாதம் கழித்து ஒருநாள் உங்கள் மகள் உங்களைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்தாள். கால் தள்ளாடியது. ஸ்கேன் எடுத்தார்கள். முதுகெலும்பில் மூன்று இடம்.

டாக்டர் அறையில் நாம் நான்கு பேர்: அவர், நீங்கள், உங்கள் மகள், ஃபைலைப் பிடித்துக்கொண்டு நான்.

"எத்தனை நாளா வலி?" என்றார் டாக்டர்.

"எனக்கே முந்தாநாள்தான் டாக்டர் தெரியும்" என்றாள் மகள்.

நீங்கள் நிமிர்ந்து பார்த்தீர்கள். "ரெண்டு மூணு மாசமாவே இருக்கு டாக்டர். நாந்தான் யார்கிட்டயும் சொல்லல. தையக்காரிக்கு முதுகுவலி சகசம்னு இருந்துட்டேன். என் தப்புதான்."

டாக்டருக்குக் கோபம் வந்துவிட்டது. "வாரா வாரம் இங்க வந்து போறீங்க. சிஸ்டர் கூடவே இருக்கீங்க. அவங்ககிட்ட ஒரு வார்த்தை சொல்ல வேணாமா?" என்றார். நீங்கள் என்னைப் பார்க்கவே இல்லை. பார்த்திருந்தால் ஒருவேளை நான் வாயைத் திறந்திருப்பேன் என்று ரொம்ப நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஃபைலில் தாள்களை வரிசைப்படுத்திக்கொண்டிருந்தேன். அவை ஏற்கெனவே வரிசையாகத்தான் இருந்தன.

முன்னாலேயே வந்திருந்தால் நோய் போயிருக்காது. அது எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஆனால் கரண்ட் என்று நம் பெண்கள் சொல்லும் கதிர்வீச்சை வைத்து எலும்பைக் காப்பாற்றியிருக்கலாம். கால் நின்றிருக்கும். கடைசி வரைக்கும் நீங்களே எழுந்து பாத்ரூம் போயிருப்பீர்கள். கரண்ட் வைத்தும் கால் திரும்பவில்லை. ஏழு மாதம் கட்டிலில் கிடந்துவிட்டுப் போய்விட்டீர்கள்.

இரண்டே தடவைதான் வாடிப்பட்டிக்கு வந்து பார்த்தேன். வேலை என்று சொன்னேன். வேலை இல்லை. வந்தால் உங்கள் மகள் முகத்தைப் பார்க்க வேண்டும். முதல்தடவை வந்தபோது உங்களைப் புரட்டிப் படுக்கவைக்கத் துணி மடித்து வைத்துக்கொண்டே சொன்னாள்: "நீங்களே கேளுங்க சிஸ்டர். ஒரு வீட்லதான இருந்தோம். வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லிருந்தா இப்பிடிக் கெடக்குமா? என்னைய மனுசியா நெனைக்கலேல்ல." நீங்கள் கண்ணை மூடிக்கொண்டு, "விடு பாப்பா. சிஸ்டருக்கு ஒரு டீயப் போடு" என்றீர்கள்.

அவள் அடுப்படிக்குப் போனதும், "நான் சொல்லிர்றேன்க்கா" என்றேன்.

"என்னத்த சொல்லப் போறீங்க? சொன்னா என் காலு வந்துருமா? நாளைக்கும் அந்த ரூமுக்கு எவளாச்சும் வருவால்ல. உங்கள நம்பித்தான வருவா. சும்மா இருங்க."

உங்களுக்காகத்தான் சும்மா இருந்தேன் என்று இத்தனை நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். பொய் அக்கா. நீங்கள் அப்படிச் சொல்வீர்கள் என்று தெரிந்துதான் உங்களிடம் கேட்டேன். எனக்குப் பயம். அந்த அறை போய்விட்டால் எனக்கு வேறு என்ன இருக்கிறது என்ற பயம். அன்று வந்த டீயையும் முழுக்கக் குடித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

இன்றைக்கு அந்த எழுமலைப் பெண் "என் தப்புதான் சிஸ்டர்" என்றபோது, டாக்டர் முன்னால் நீங்கள் உட்கார்ந்திருந்த மாதிரியே உட்கார்ந்திருந்தாள். ஞாயிற்றுக்கிழமை உங்கள் வீட்டுக்குப் போகப் போகிறேன். நீங்கள் சும்மா இருங்க என்றாலும் போவேன். இதை எழுதி வைத்துவிட்டால் பின்வாங்க முடியாது.

மேலே இருப்பது வெள்ளிக்கிழமை எழுதியது. இன்று ஞாயிறு. போய்விட்டு வந்துவிட்டேன்.

ஆரப்பாளையத்தில் பத்து மணி பஸ்ஸை விட்டேன். பத்தரை பஸ்ஸையும் விட்டேன். மூன்றாவதில் ஏறினேன். சமயநல்லூர் தாண்டும்போது இறங்கிவிடலாமா என்று இருந்தது. உங்கள் மகள் பள்ளிக்கூடத்துப் பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். இளைத்திருக்கிறாள். "வாங்க சிஸ்டர், என்ன இம்புட்டு தூரம்? போன் பண்ணிட்டு வந்துருக்கலாம்ல" என்று எழுந்து ஃபேனைப் போட்டாள். காபி வைக்கப் போனவளை நிறுத்தினேன். குடித்துவிட்டால் சொல்லமாட்டேன் என்று எனக்குத் தெரியும்.

"உங்கம்மா வலின்னு என்கிட்ட சொன்னாங்க. பத்தாம் நாளே போன் பண்ணி, படுத்தாலும் விட மாட்டேங்குதுன்னு சொன்னாங்க. நாந்தான் தைலம் போடச் சொன்னேன். டாக்டர் முன்னாடி அவங்க சொன்னது உண்மையில்ல. நான் பக்கத்துல நின்னுக்கிட்டு இருந்தேன், வாயத் தொறக்கல."

பஸ்ஸில் வரும்போது இதைவிட நீளமாக ஒத்திகை பார்த்திருந்தேன். இவ்வளவுதான் வந்தது. அவள் கையில் சிவப்புப் பேனா இருந்தது. மூடியைப் போட்டாள், எடுத்தாள், போட்டாள்.

"எப்ப போன் பண்ணுச்சு?"

"புரட்டாசிக் கடைசில. ஒரு சாயந்தரம்."

"அப்ப அம்மா சொல்லிருக்கு" என்றாள். பேனாவைத் தாள்மேல் வைத்துவிட்டு மறுபடியும், "சொல்லிருக்கு" என்றாள்.

நான் காத்திருந்தேன். திட்டுவாள், திட்டட்டும் என்று இருந்தேன். அவள் குரல் உயரவே இல்லை.

"ஏழு மாசம் சிஸ்டர். தெனம் கேட்டேன். கஞ்சி ஊட்டும்போது கேட்டேன், குளிப்பாட்டும்போது கேட்டேன். ஏம்மா சொல்லல, ஏம்மா சொல்லலன்னு. கடசி வாரம் முகங்குடுத்தே பேசல நான். அது செவத்தப் பாத்துக்கிட்டுக் கெடந்துச்சு. நீங்க ரெண்டு தடவ வந்தீங்க. இந்தச் சேர்லதான் ஒக்காந்திருந்தீங்க."

"ஆமா" என்றேன்.

கடைசி வாரம் அவள் உங்களிடம் பேசவில்லை என்பது எனக்குத் தெரியாது அக்கா. நீங்கள் யாரிடம் சொல்வீர்கள்? சொல்லக்கூடிய ஒரே ஆள் நான்தான், நான்தான் வருவதில்லையே. எனக்கு இந்த ஒரு வருஷம்தான் தனிமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் அதற்கு முன்னாலேயே, உங்கள் வீட்டிலேயே, பெற்ற மகள் பக்கத்தில் இருக்கும்போதே தனியாகக் கிடந்திருக்கிறீர்கள். என் பெயரைக் காப்பாற்றிக்கொண்டு கிடந்திருக்கிறீர்கள்.

"நீங்க போங்க சிஸ்டர்" என்றாள்.

நம் பக்கத்தில் சண்டைக்காரனைக்கூடப் போயிட்டு வாங்க என்றுதான் அனுப்புவார்கள். அவள் அதைத் தெரியாமல் சொல்லவில்லை. எழுந்துகொண்டேன். மன்னிப்புக் கேட்கலாம் என்று வாய்வரை வந்தது. கேட்டால் அவள் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும். அந்தச் சுமையையும் அவள்மேல் வைக்க வேண்டாம் என்று விட்டுவிட்டேன்.

வாசலில் செருப்பு மாட்டும்போது உள்ளே பேச்சுக்குரல் கேட்டது. வேறு யாரோ இருக்கிறார்கள் போல என்று நினைத்தேன். யாருமில்லை. உங்கள் படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தாள். "சொல்லிருக்கியேம்மா. சொல்லிருக்கியே" என்று அழுதுகொண்டிருந்தாள். ஏழு மாதமும் அதற்கப்புறம் ஒரு வருஷமும் கழித்து உங்களோடு கோபமில்லாமல் பேசுகிறாள் அக்கா. நான் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு சத்தமில்லாமல் தெருவில் இறங்கினேன்.

நாளை காலை டாக்டரைப் பார்த்து இதையே சொல்ல வேண்டும். அந்த அறையில் என்னை வைத்திருப்பார்களா என்று தெரியவில்லை. வைத்திருந்தால், வருகிறவர்களிடம், "என்கிட்டச் சொன்னதோட நிறுத்தாதீங்க, வீட்லயும் சொல்லுங்க, டாக்டர்கிட்டயும் சொல்லுங்க, இப்படித்தான் ஒருத்தி சொன்னா, நான் கேக்கல" என்று சொல்லத்தான் போகிறேன். நம்பிக்கை போனால் போகட்டும்.

உங்கள் மகளுக்கு உங்கள்மேல் இருந்த கோபத்தை நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன் அக்கா. அது முதலிலிருந்தே என்னுடையதுதான். இனி அது என்னிடம் இருக்கும். நீங்கள் அவளோடு பேசிக்கொண்டிருங்கள்.